இரண்டு வான்படங்களைப் பிக்சல் கோவையால் அருகருகே வைப்பது

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2023

எம் 101 விண்மீன் திரளின் இரண்டு படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்று அதில் சூப்பர்நோவா (வெடித்துச் சிதறும் விண்மீன்) தோன்றுவதற்கு முன் எடுத்தது. மற்றது தோன்றிய பின் எடுத்தது. வான்பட மென்பொருளான பிக்ஸ்இன்சைட்டில் பிக்சல் கோவை எழுதிக் கணக்கிடும் பிக்செல்மேத் கருவியைக் கொண்டே இரண்டையும் ஒரே படத்தில் அருகருகே வைக்கப் பார்த்தேன். பெயர்களைப் போட்டுக் கூட்டினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிக்சல் கோவையால் இது ஆகாத காரியம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். தவறென்றால் காட்டுங்கள்.

9 ஜூன் 2023, இரவு

ஆகும். கூட்டினால் ஏன் மேலே ஏறுகிறது என்பது புரிந்துவிட்டால் மீதி ஒரு வரிதான். கோவை என்பது முழுப் படத்தின் மீது ஒரே வீச்சில் நடப்பதன்று. விளைபடத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒருமுறை தனித்தனியாகக் கணிக்கப்படுவது. படத்தின் பெயரை வெறுமனே எழுதினால், இப்போது எந்த இடத்தில் நிற்கிறோமோ அதே இடத்திலுள்ள மதிப்பைத்தான் அது தரும். ஆகவே இரண்டு பெயர்களைக் கூட்டினால் அவை ஒன்றன்மீது ஒன்று விழுவதைத் தவிர வேறு வழியில்லை. நாம் நிற்கும் இடத்தைக் கோவைக்குள் கொண்டுவர வேண்டும்.

சார்புகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். மென்பொருளில் இடும்போது அதனதன் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய படம் அ, புதிய படம் ஆ. கிடை என்பது இடமிருந்து வலமாக எண்ணும் இடம்; நெடு என்பது மேலிருந்து கீழாக எண்ணும் இடம். எனில் என்பது நிபந்தனை பொருந்தினால் முதலாவதையும் பொருந்தாவிட்டால் இரண்டாவதையும் தரும். கோவை இதோ:

எனில்(கிடை < அகலம்/2, அ, ஆ)

இடப்பாதியில் பழையது, வலப்பாதியில் புதியது. வேலை முடிந்தது.

10 ஜூன் 2023

முடியவில்லை. கேட்டவர் முயன்று பார்த்துவிட்டு, தம் சூப்பர்நோவா இடப்பாதியில் இருப்பதால் விளைபடத்தில் அதையே காணோம் என்று சொல்கிறார். நியாயம். அவர் கேட்டது இரண்டு முழுப் படங்களை. நான் கொடுத்தது இரண்டு அரைப்படங்களை. கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதினால் பாதிப் படம்தான் வரும்.

முழுப் படங்கள் இரண்டும் வேண்டுமென்றால் விளைபடம் இரு மடங்கு அகலமாக இருக்க வேண்டும். ‘புதிய படம் உருவாக்கு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலத்தையும் உயரத்தையும் நாமே எண்ணாகக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த பிறகு படத்தின் பெயரை மட்டும் எழுதினால், அளவு பொருந்தவில்லை என்று மென்பொருள் மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பார்த்து முதல் முறை நான் அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன். அளவு வேறுபட்ட படத்திலிருந்து எடுக்க, ‘இந்தப் படத்தில் இந்த இடத்திலுள்ள மதிப்பைக் கொடு’ என்று கேட்கும் சார்பு வேண்டும். அதை எடு என்று எழுதுகிறேன்.

எனில்(கிடை < அகலம்(அ), எடு(அ, கிடை, நெடு), எடு(ஆ, கிடை − அகலம்(அ), நெடு))

இந்தக் கழித்தல்தான் முழு வித்தையும். வலப்பக்கத்தில் நிற்கும்போது, ‘நான் புதிய படத்தின் எந்த நெடுவரிசையில் நிற்கிறேன்’ என்று திருப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

10 ஜூன் 2023, பிற்பகல்

நிபந்தனையில் < என்பதற்குப் பதிலாக ≤ போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முழுகுவது ஒரே ஒரு நெடுவரிசைதான். எண்ணிக்கை இங்கே 0-இல் தொடங்குகிறது. 1200 பிக்சல் அகலமுள்ள படத்தில் கடைசி நெடுவரிசை 1199. ≤ போட்டால் 1200-ஆவது இடத்தையும் பழைய படத்திடம் கேட்போம்; அதனிடம் அது இல்லை. வான்படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்பின் மரபிலோ முதல் பிக்சலின் மையம் 1 என்றே எண்ணப்படுகிறது. அங்கே படித்த எண்ணை இங்கே கொண்டுவந்து அப்படியே பொருத்துகிறவர்கள் ஒரு பிக்சல் தள்ளித்தான் நிற்பார்கள்.

11 ஜூன் 2023

இதற்கெல்லாம் கோவை எதற்கு, இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளில் ஒட்டும் கட்டளை ஒன்று இருக்கிறதே என்பது இன்னொருவரின் வாதம். இருக்கிறது. கூட்டல் குறி போட்ட ஒட்டுக் கட்டளை பக்கவாட்டில் ஒட்டும்; கழித்தல் குறி போட்டால் மேலும் கீழுமாக ஒட்டும். முடிந்த படங்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பிறருக்குக் காட்டுவது மட்டுமே நோக்கமென்றால் நானும் அதைத்தான் செய்வேன். அந்த மென்பொருளிலும் பிக்சல் கோவைக்குத் தனிக் கட்டளை உண்டு. ஆனால் பெரிய படத்துக்கு அதை ஓடவிட்டால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

நான் கோவையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. ஒட்டும்போதே ஒரு படத்தின் மதிப்புகளை மற்றதன் அளவுகோலுக்குக் கொண்டுவர அது இடம் தருகிறது; அதுவும் ஸ்ட்ரெச் செய்யாத, அதாவது மங்கலானவை தெரியும்படி வெளிச்சத்தை இழுக்காத, மூல மதிப்புகளின் மீது, 32 பிட் பின்ன எண்களில். அருகருகே வைப்பது என்றாலே ‘ஒப்பிட்டுப் பார்’ என்று சொல்வதாகும். ஒப்பிடத் தகுதியில்லாத இரண்டைப் பக்கத்தில் வைத்தால், பார்ப்பவர் இல்லாத வேறுபாட்டைக் கண்டுபிடிப்பார். நானே கண்டுபிடித்திருக்கிறேன், அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

11 ஜூன் 2023, இரவு

என் சொந்தப் படங்களின் கதை. பழையது 29 ஏப்ரல் 2022 அன்று எடுத்தது: அமாவாசையை ஒட்டிய இருட்டு, 90 நிமிடப் பதிவு. புதியது 27 மே 2023 அன்று, அதாவது ஜப்பானிய வானியல் ஆர்வலர் கோய்ச்சி இட்டாகாகி மே 19 அன்று அந்தச் சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்த எட்டாம் நாள், வானில் அரைநிலா இருக்கும்போதே அவசரமாக எடுத்தது. 40 நிமிடப் பதிவுதான் கிடைத்தது. இரண்டையும் தனித்தனியாகத் தானியங்கி ஸ்ட்ரெச்சுக்குக் கொடுத்து அருகருகே வைத்தேன். புதிய படத்தில் திரளின் வெளிப்புறச் சுழல் கைகள் மங்கலாகத் தெரிந்தன. ‘மே மாத வானம் சரியில்லை, புழுதி அதிகம்’ என்று நண்பர்கள் நாலு பேருக்கு எழுதியும் விட்டேன்.

வானத்தின் மீது குற்றம் கொஞ்சம்தான். தானியங்கி ஸ்ட்ரெச் ஒவ்வொரு படத்தின் பின்னணி அளவையும் இரைச்சலையும் (பிக்சல் மதிப்புகளின் தாறுமாறான ஏற்ற இறக்கம்) பார்த்துத் தன் வளைவைத் தானே முடிவு செய்கிறது. இரைச்சல் மிகுந்த படத்தை அது மென்மையாகவே இழுக்கும். ஆக நான் பார்த்தது பெரும்பாலும் வளைவின் வேறுபாட்டைத்தான். முதலில் மூல மதிப்புகளைச் சமன்செய்து, ஒட்டி, ஒட்டிய படத்துக்கு ஒரே ஸ்ட்ரெச் கொடுப்பதே முறை. ஒரே படமாகிவிட்டால் ஒரே வளைவுதான் இரண்டுக்கும் விழும், ஏமாற வழியில்லை.

13 ஜூன் 2023

சமன்செய்வதற்கான கோவை:

(ஆ − இடைநிலை(ஆ)) × க + இடைநிலை(அ)

இடைநிலை என்பது மதிப்புகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது; அதையே பின்னணி என்று கொள்கிறோம். புதிய படத்தின் பின்னணியைக் கழித்து, க என்ற எண்ணால் பெருக்கி, பழைய படத்தின் பின்னணியைச் சேர்க்கிறோம். என் படங்களில் இடைநிலை மதிப்புகள் பழையதில் 0.012, புதியதில் 0.031, நிலவின் கைவரிசை. அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள். க-வுக்கு நான் இரண்டு படங்களின் இரைச்சல் விகிதத்தை எடுத்துக்கொண்டேன், 0.6 வந்தது.

எடு சார்புக்குள் இந்தக் கணக்கைத் திணிக்காமல், சமன்செய்த படத்தைத் தனியாக உருவாக்கி அதற்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டுப் பிறகு ஒட்டுவது கண்ணுக்கு நல்லது.

14 ஜூன் 2023

நேற்று எழுதியதில் க தவறு. இரைச்சல் விகிதம் எத்தனை நிமிடம் பதிவு செய்தோம், பின்னணி எவ்வளவு வெளிச்சம் என்பதைச் சொல்லும். ஒரு விண்மீனின் ஒளி இரண்டு படங்களிலும் எத்தனைக்கு எத்தனையாக விழுந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. க விண்மீன்களிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு படங்களிலும் நிரம்பி வழியாத எட்டு விண்மீன்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரே அளவு வட்டம் போட்டுப் பின்னணி நீக்கிய கூட்டுத்தொகையை அளந்து, பழையதைப் புதியதால் வகுத்தேன். இடைநிலை விகிதம் 1.71. நேற்றைய 0.6-ஐப் போட்டிருந்ததால் என் புதிய படத்தின் கைகள் இருக்க வேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டின. புழுதியைத் திட்டியது போதாதென்று, திருத்துகிறேன் என்று இன்னும் இருட்டாக்கியிருக்கிறேன்.

14 ஜூன் 2023, பின்னிரவு

1.71 எங்கிருந்து வந்தது என்று படுத்தபடி யோசித்ததில் பெரும்பகுதி விளங்கிவிட்டது. 2022-இல் குவியத் தொலைவை 0.8 மடங்காக்கும் குறைப்பான் வில்லையைப் போட்டிருந்தேன்: குவியத் தொலைவு 480 மில்லிமீட்டர். 2023-இல் குறைப்பான் இல்லை: 600 மில்லிமீட்டர். கேமரா அதுவே, பிக்சல் 3.76 மைக்ரான். 206.265-ஐப் பிக்சல் அளவால் பெருக்கிக் குவியத் தொலைவால் வகுத்தால் ஒரு பிக்சல் வானில் எத்தனை வில்விநாடி (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்பது கிடைக்கும்: பழையதில் 1.62, புதியதில் 1.29. தொலைநோக்கியின் அதே திறப்பு, அதே ஒளி, ஆனால் புதிய படத்தில் அது அதிகப் பிக்சல்களில் பரவிக் கிடக்கிறது. 480/600 என்பதன் இருமடி 0.64. அதாவது புதிய படத்தில் ஒரு பிக்சலுக்கு வந்தது பழையதில் 64 விழுக்காடுதான். தலைகீழாக்கினால் 1.56. மிச்சமிருக்கும் ஒன்பது விழுக்காட்டை வேண்டுமானால் மே மாத வானத்தின் தலையில் கட்டலாம்.

தனிப்பதிவு ஒவ்வொன்றின் நேரமும் கேமரா தன் அளவைப் பெருக்கும் கெயினும் இரண்டு இரவுகளிலும் ஒன்றாக இருந்ததால் இந்தக் கணக்கு நேராக வந்தது. அவை வேறுபட்டால் அவற்றையும் சேர்க்க வேண்டும்; அல்லது விண்மீன்களை அளந்துவிட்டுக் காரணம் தேடாமல் தூங்கப் போகலாம்.

16 ஜூன் 2023

இதைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன்: அளவுகோல் வேறான இரண்டு படங்களை அளப்பதற்கும் ஒட்டுவதற்கும் முன் விண்மீன்களை வைத்துப் பொருத்தியாக வேண்டும். எதை எதற்குப் பொருத்துவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நுணுக்கமான படத்தைச் சுருக்கிப் பருமனான படத்துக்குக் கொண்டுவர வேண்டும். பருமனானதை ஊதிப் பெருக்கினால் இல்லாத விவரம் இருப்பதுபோல் தோன்றும், விண்மீன்களும் உப்பிவிடும். அளவு மாற்றும்போது இடைப்பட்ட மதிப்புகளைக் கணிக்கும் லான்சோஸ் முறையில் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றிக் கருவளையம் விழுவதும் உண்டு. சூப்பர்நோவாவைச் சுற்றி வளையம் விழுந்தால் அதற்கும் ஒருவர் விளக்கம் எழுதிவிடுவார்.

கேமரா எடுத்த முழுச் சட்டத்தையும் ஒட்டத் தேவையில்லை. என் கேமராவின் சட்டம் 6248 × 4176; இரண்டை ஒட்டினால் அகலம் 12496, மூன்று வண்ணத்தில் 32 பிட்டில் ஏறக்குறைய 626 எம்பி. எம் 101-இன் அகலம் வானில் ஏறக்குறைய 29 வில்நிமிடம். என் பழைய படத்தின் அளவுகோலில் அது ஏறக்குறைய 1080 பிக்சல். 1200 × 1200 சதுரமாக இரண்டிலும் ஒரே இடத்தை வெட்டிக்கொண்டேன். கணினி பெருமூச்சு விட்டது.

16 ஜூன் 2023, இரவு

வெட்டிய பிறகு இடைநிலையைப் பின்னணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது. வெட்டிய சதுரத்தைத் திரளே அடைத்துக்கொண்டிருக்கிறது. நடு மதிப்பு வானத்தினுடையது அன்று, கைகளினுடையது. ஆகவே மூலையில் சிறு சதுரம் ஒன்றை எடுத்து அதன் இடைநிலையைப் பயன்படுத்துங்கள். 13-ஆம் தேதிக் குறிப்பைத் திருத்திக்கொள்ளவும்.

17 ஜூன் 2023

திருத்த வேண்டாம். கேட்டவரே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு என்னை மடக்கிவிட்டார். பழைய படத்தை க-வால் வகுத்து நிலவொளியைக் கூட்டினால் புதிய படம். அதன் இடைநிலையும் அதே விதியில்தான் மாறும். ஆகவே க சரியாக இருந்து, இரண்டு படங்களும் வானின் அதே துண்டைக் காட்டினால், இடைநிலை கையின் மீது விழுந்தாலும் வானின் மீது விழுந்தாலும் கழித்துக் கூட்டும்போது அது அடிபட்டுப் போகிறது. க தவறினாலோ, வெட்டிய இடங்கள் வேறானாலோதான் நேற்றைய என் பயம் பொருந்தும். மூலைச் சதுரத்தால் கேடில்லை, தேவையும் இல்லை.

18 ஜூன் 2023

இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டால் எல்லை தெளிவாகத் தெரிகிறது. 12 பிக்சல் விட்டேன். விளைபடத்தின் அகலம் 1200 + 12 + 1200, அதாவது 2412.

எனில்(கிடை < 1200, எடு(அ, கிடை, நெடு), எனில்(கிடை < 1212, 0.05, எடு(ஆ, கிடை − 1212, நெடு)))

முதலில் கடைசியில் 1200 என்றே கழித்திருந்தேன். இடைவெளி வந்துவிட்டது, படமும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் புதிய படத்தின் இடவோரத்து 12 நெடுவரிசைகள் காணாமல் போய், வலக்கோடியில் படத்தில் இல்லாத இடங்களை அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓரத்து விண்மீன் ஒன்று ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் அரையாகவும் நின்றதால்தான் பிடிபட்டது.

இடைவெளிக்கு 0.5 போடாதீர்கள். மூல மதிப்புகளில் 0.5 என்பது கண்ணைக் குத்தும் வெள்ளை. ஸ்ட்ரெச் கொடுத்ததும் திரளைவிடக் கோடு மின்னும். விளைவை மறு அளவீடு செய்யும் குறியும் இணைந்திருக்கக் கூடாது. அது சிறும மதிப்பை 0-க்கும் பெரும மதிப்பை 1-க்கும் இழுத்து, பாடுபட்டுச் சமன்செய்த எண்களை வேறு எண்களாக்கிவிடும்.

20 ஜூன் 2023

எல்லையைக் கோடாக விடாமல் இளக்கலாமா என்று கேட்கிறார்கள். அரைப்பட முறையில் இளக்கலாம்: 0-இலிருந்து 1-க்கு மெல்ல ஏறும் எடை ஒன்றைக் கிடையிலிருந்து செய்துகொண்டு, பழையதை அதன் மிச்சத்தாலும் புதியதை அதனாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். பார்க்கச் சொகுசாக இருக்கும். ஒப்பீட்டுக்கு நான் செய்ய மாட்டேன். இளகிய பட்டைக்குள் சூப்பர்நோவா விழுந்தால் அது பாதி வெளிச்சத்தில் தெரியும். அந்த வெளிச்சம் எந்த இரவிலும் இருந்ததில்லை.

அதைவிடப் பயனுள்ளது சதுரங்கக் கட்டம். கிடையையும் நெடுவையும் தனித்தனியே 100-ஆல் வகுத்து, முழு எண் பகுதிகளைக் கூட்டி, கூட்டல் இரட்டைப்படையானால் பழையது, ஒற்றைப்படையானால் புதியது. இரண்டு படங்களும் சரியாகப் பொருந்தியிருந்தால் சுழல் கைகள் கட்டத்துக்குக் கட்டம் முறியாமல் ஓடும். ஒரு பிக்சல் விலகியிருந்தாலும் எல்லையில் விழுந்த விண்மீன் வெட்டுப்பட்டு நிற்கும். பொருத்தியதைச் சோதிக்க இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரிந்ததில்லை. ஒட்டுவதற்கு முன் ஒருமுறை இதை ஓட்டுங்கள்.

23 ஜூன் 2023

ஒருவருடைய புதிய படம் தலைகீழாக வந்திருக்கிறது. இரண்டு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. தொலைநோக்கி நடுவான்கோட்டை (தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் கோடு) தாண்டித் திரும்பியிருந்தால் படம் 180 பாகை சுழன்றிருக்கும். அதற்கு அகலம் − 1 − கிடை, உயரம் − 1 − நெடு என்று இரண்டையும் திருப்ப வேண்டும். ஒரு மென்பொருள் கிடைவரிசைகளைக் கீழிருந்தும் மற்றது மேலிருந்தும் படித்திருந்தால் நெடு மட்டும்தான் மாறியிருக்கும். அது சுழற்சியன்று, கண்ணாடி பிம்பம். வேறுபடுத்த எளிய வழி, சுழல் கைகள் எந்தப் பக்கம் சுருள்கின்றன என்று பார்ப்பது. எத்தனை சுழற்றினாலும் சுருளின் திசை மாறாது, கண்ணாடியில்தான் மாறும். அந்த − 1-ஐ விட்டால் ஒரு வரிசை நழுவும் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

25 ஜூன் 2023

அருகருகே வைப்பதைவிட மாற்றி மாற்றிக் காட்டுவதே மேல் என்று எதிர்ப்புக் குரல் ஒன்று வந்திருக்கிறது. மறுக்க முடியாது. அமெரிக்க வானியலாளர் கிளைடு டோம்பா 1930 பிப்ரவரி 18 அன்று புளூட்டோவைக் கண்டது அப்படித்தான்: ஜனவரி 23, 29 ஆகிய இரவுகளில் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை ஒப்பீட்டுக் கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்தார். மாற்றம் எங்கே என்று தெரியாமல் தேடுகிறவருக்கு அதுவே வழி. மாற்றம் எங்கே என்று தெரிந்த பின் அச்சிலோ அசையாத பக்கத்திலோ காட்டுவதற்கு அருகருகே.

ஆனால் அருகருகே வைத்த படத்திலும் தேட ஒரு தந்திரம் உண்டு. படத்தைச் சிறிதாக்கி, கண்களை மூக்கை நோக்கிக் குவித்து, இரண்டு சதுரங்களும் நடுவில் ஒன்றின் மீது ஒன்று விழும்படி பாருங்கள். ஒரு படத்தில் மட்டும் இருக்கும் புள்ளி நிலைகொள்ளாமல் துடிக்கும். எனக்கு இரண்டு நிமிடத்தில் தலைவலி வந்தது; சூப்பர்நோவாவும் வந்தது.

2 ஜூலை 2023

கேட்டவர் தம் படத்தை அனுப்பியிருந்தார். ஒட்டு சுத்தம், பின்னணி சமம். அம்புக்குறி மட்டும் வேறெங்கோ நிற்கிறது. அவர் சுட்டியிருப்பது என்ஜிசி 5461. எம் 101-இன் கையிலேயே இருக்கும் ஒளிரும் வாயுத்திரள், சூப்பர்நோவாவுக்குப் பக்கத்து வீடு. பழைய சதுரத்திலும் அது அதே இடத்தில் அப்படியே இருக்கிறது பாருங்கள் என்று எழுதினேன். பழைய சதுரத்தைத் தாம் பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

19 ஆகஸ்ட் 2023

சூப்பர்நோவா மங்கத் தொடங்கியிருப்பதால் மூன்றாவது சதுரம் ஒன்றைச் சேர்த்தேன். திரள் தாழ்வாக இருக்கையில் எடுத்த படம்; விண்மீன்களை அளந்ததில் க 2.3 வந்தது, குறைப்பான் இல்லாததும் தடித்த காற்றும் சேர்ந்து. அகலம் 3624, மூன்றாம் படத்துக்குக் கழிக்க வேண்டியது 2424. முதல் ஓட்டத்தில் 2412 என்று எழுதியிருந்தேன். ஓரத்து விண்மீன் மறுபடியும் அரையாக நின்றது.